புதன்கிழமை போட்ட கான்கிரீட்

முடிச்சூர்,
வியாழக்கிழமை காலை.

என் கண்ணு தீனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே மூட்டுவலியும் சர்க்கரையும் நீங்கலாக சுகமாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் ஓவியாக் குட்டியும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க அங்காளம்மன் கண் திறந்து பார்க்கட்டும். போன் இருக்கும்போது இவள் எதற்குப் பேப்பரில் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, ஆஸ்பத்திரி சமாச்சாரம் எதுவும் இல்லை. நம் வீட்டில் இருப்பது ஒரே போன், அது அப்பாவின் சட்டைப் பையில் குடித்தனம் நடத்துகிறது. நான் உன்னோடு பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பேப்பர் படிக்கிற மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், உன்னோடு பேச்சுதான் இல்லையே தவிர உன் குரலைக் கேட்காமல் அவரால் இருக்க முடியாது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டுத்தான் போனைப் பையில் போடுவார். நான் எழுதப்போகிற விஷயம் அவர் கண்ணில் படக்கூடாது. பக்கத்து வீட்டு தபீதாள் டீச்சரின் அக்கா மகன் ஜெபகுமார் உங்கள் நியூசிலாந்திலேயே ஆக்லாந்தில் இருக்கிறான் அல்லவா, லீவில் வந்தவன் சனிக்கிழமை திரும்புகிறான். ஓவியாவுக்குத் தைத்த பட்டுப்பாவாடையை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன், அவன் அங்கிருந்து உனக்குப் பார்சல் போடுவான், பாவாடை மடிப்புக்குள் இந்தக் கடிதம் இருக்கும். உங்கள் ஊர் ஏர்போர்ட்டில் ஊறுகாயைக்கூடப் பிடுங்கிக்கொள்வார்களாம், கடிதத்தை விடுவார்கள் என்று நினைக்கிறேன். அப்பா ரத்தப் பரிசோதனைக்குத் தாம்பரம் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் முடிக்க வேண்டும், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மற்ற சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். கூடுவாஞ்சேரி மாமா ரிட்டயர் ஆகிவிட்டான், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அத்தையின் சமையலுக்கு மேற்பார்வை பார்த்துத் திட்டு வாங்குகிறான். நீ வெல்லிங்டனில் இருக்கிறாய் என்றதும் அவன் சம்பந்தி வீட்டில் ஊட்டிப் பக்கத்து வெல்லிங்டனில் மிலிட்டரியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் திருத்தவில்லை, மிலிட்டரி என்றால் மரியாதை. என் தையல் மெஷினுக்குப் புது பெல்ட் போட்டாயிற்று, ஆனால் கண்தான் ஊசிக் காதைத் தேடுகிறது. நம் தெருவுக்கு மறுபடியும் ரோடு போட்டார்கள், பழையதைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே இன்னும் ஆறு அங்குலம். எதிர்வீட்டுக்காரர்கள் இப்போது தெருவிலிருந்து வாசலுக்குக் குதித்து இறங்குகிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை, நாம்தான் வீட்டையே தூக்கிக்கொண்டோமே.

அந்த வீடு தூக்கிய கதையில் அப்பா உனக்குச் சொன்னது பாதி, நான் சொன்னது கால். மீதியைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் ஆரம்பத்திலிருந்தே வருகிறேன். 2015 வெள்ளத்தில் ஜன்னல் வரைக்கும் தண்ணீர் நின்றது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு தண்ணீர் எட்டிப் பார்க்காத மழைக்காலம் குறைவு. ரோடு ஏற ஏற வீடு இறங்கிக்கொண்டே போனது, வாசல்படி மூன்றும் மண்ணுக்குள் போய்விட்டன. மழை என்று டிவியில் சொன்னாலே அப்பா கேஸ் சிலிண்டரைத் தூக்கி மேஜைமேல் வைப்பார், அறுபத்தைந்து வயதில் முதுகைப் பிடித்துக்கொண்டு. நீ, பொங்கலுக்கு வந்து நேரில் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்றாய். ஒரு பொங்கலுக்கு உனக்கு லீவு இல்லை, அடுத்த பொங்கலுக்கு ஓவியாவுக்கு அம்மை. உன்னைக் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அந்த நேரம் பார்த்து பாலு மேஸ்திரி வந்தான். நாவலூர் பக்கம் ஒரு வீட்டைத் தூக்கிக்கொண்டிருக்கிறான், “வந்து பாரு அண்ணா, வூடு மேல ஏறிகினு கீது, உள்ள அந்தம்மா பாட்டுக்கு சோறு வடிச்சிகினு கீது” என்று கூட்டிக்கொண்டு போனான். அப்பா போனார், பார்த்தார், விழுந்தார். உன்னிடம் சொன்னால் தடுத்துவிடுவாய் என்று, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம் என்று என்னைச் சொல்லச் சொன்னார், நானும் வாய் கூசாமல் சொன்னேன்.

மாசி மாதம் வேலை ஆரம்பித்தது. வடக்கேயிருந்து வந்த ஆட்கள், நம் பேச்சு அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் பேச்சு நமக்குத் தெரியாது. சுவருக்கு அடியில் தோண்டி, ஒன்றரை அடிக்கு ஒன்றாக நூற்றெண்பது ஜாக்கி வைத்தார்கள், லாரிக்கு டயர் மாற்றும்போது வைப்பார்களே அதே ஜாக்கிதான். எட்டுத் தூணையும் அடியில் அறுத்தார்கள். ஒருவன் விசில் ஊதுவான், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு சுற்று திருகுவார்கள், மறுபடியும் விசில். நாலு அடி ஏற்றினார்கள். அப்பா ஜன்னல் கட்டையில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு, தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு, ஒரு சொட்டு சிந்தியிருக்கிறதா பாருங்கள் என்று காட்டினார், பெண் வீட்டுக்காரர்களுக்கு மாப்பிள்ளையைக் காட்டுகிற மாதிரி. சிந்தவில்லைதான். ஏறிய இடத்தில் சுவருக்குச் செங்கல் கட்டி, தூணில் அறுபட்ட மேல் கம்பியையும் கீழ்க் கம்பியையும் நடுவில் புதுக் கம்பி வைத்து வெல்டிங் செய்து, பலகை அடித்துக் கான்கிரீட் போட வேண்டும், அதோடு முடிந்தது.

பிறகு வீடியோ காலில் ஓவியா, தாத்தா வீட்டுக்கு ஏன் இத்தனை படி என்று கேட்டாள், குட்டு உடைந்தது. நீ அந்த நிமிஷமே போனை வைத்தாய். மறுநாள் கூப்பிட்டு அப்பாவைக் கேட்ட கேள்விகளை நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மாடி கட்டுவதற்காக அடியிலிருந்து தூண் எழுப்பும்போது நீ இன்ஜினியரிங் காலேஜில் இரண்டாம் வருஷம், கம்பி கட்டுகிறவர்களோடு வெயிலில் நின்று, தூண் கம்பியைச் சுற்றுகிற ரிங்கை நாலு அங்குலத்துக்கு ஒன்று போடு, கொக்கியை உள்பக்கம் வளை என்று உயிரை வாங்கினாய், எவ்வளவு கம்பிடா என்று அப்பா புலம்பிக்கொண்டே வாங்கிப் போட்டார். அந்தக் கம்பியைத்தான் அறுத்துவிட்டீர்களா என்று கேட்டபோது உன் குரல் உடைந்தது எனக்குத் தெரியும். எனக்குப் புரிகிற மாதிரி நீ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அம்மா, மேல் துணியையும் கீழ்த் துணியையும் சேர்த்துத் தைத்திருந்தோம், இப்போது பிரித்துவிட்டு நடுவில் ஒரு துண்டு வைத்திருக்கிறீர்கள், அந்த வெல்டிங்தான் தையல், அது இல்லாவிட்டால் வெறும் குண்டூசி குத்தி வைத்த மாதிரி, தண்ணீர் வந்தால் தெரியாது, காற்று பக்கவாட்டில் தள்ளும்போதும் பூமி அசையும்போதும்தான் தெரியும் என்றாய். பிறகு ஒரு பேப்பர் எழுதி அனுப்பினாய். எட்டுத் தூணிலும் கம்பி ஒழுங்காக வெல்டிங் ஆகியிருந்தால் நான் வரும்வரை இருங்கள், ஒன்றில் ஆகாவிட்டாலும் காற்று வீசுகிற நாளில் ஒரு மணி நேரம்கூட உள்ளே இருக்காதீர்கள், சரிசெய்யும்வரை அங்கே குடியிருக்கவும் வேண்டாம் என்று. அப்பாவிடம், எட்டையும் நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டாய். பார்த்தேன் என்றார். என்னைக் கேட்காமல் தூணை அறுப்பது படித்தவர் செய்கிற வேலையா என்று நீ கத்தினாய், அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அன்றோடு நின்றது உங்கள் பேச்சு, இப்போது ஏழு மாதம் ஆகிறது. உன் பேப்பரை மட்டும் கம்ப்யூட்டர் சென்டரில் பிரிண்ட் எடுத்து பீரோவில் வைத்திருக்கிறார்.

அவர் பார்க்கவில்லை தீனா. எட்டில் ஆறுதான் வெல்டிங் ஆனது. பின்னறையின் அடியில் இருக்கிற இரண்டு தூணில் கம்பியை வெறும் கட்டுக்கம்பியால் கட்டி நிறுத்திவிட்டுக் கான்கிரீட்டை ஊற்றிவிட்டார்கள். ஊற்றச் சொன்னது நான்.

அன்றைக்குப் புதன்கிழமை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று நான்தான் அந்த நாளைக் குறித்துக் கொடுத்தேன். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம், மறுநாள் அஷ்டமி, அதற்கடுத்த நாள் நவமி, அதற்குள் மழை வேறு வரும் என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். வீடு ஜாக்கிமேல் நிற்கிறது, இப்படியே இன்னும் மூன்று நாள் விட்டால் என்ன ஆகுமோ என்று வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். காலை பத்து மணிக்கு ஆறாவது தூண் முடிந்தபோது கரண்ட் போய்விட்டது. பாலுவின் ஜெனரேட்டர் நாவலூரில் கிடந்தது. அப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, எப்போது வரும் என்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஈபி ஆபீசுக்குப் போனார். பதினொன்று ஆகிறது, பதினொன்றேகால் ஆகிறது, கரண்டும் வரவில்லை, அவரும் வரவில்லை. கலவை மெஷின் டீசலில் ஓடுவது, அதற்குக் கரண்ட் வேண்டாம். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன், பாலுவைப் பார்க்கிறேன். இரண்டு தூண்தானே, சிமெண்ட் பிடித்துக்கொள்ளாதா என்று கேட்டேன். “புடிச்சிக்கும்னு நான் சொல்ல மாட்டேன் யக்கா, நீ போடுன்னா போடறேன்” என்றான். போடு என்றேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முடித்தார்கள். அப்பா பன்னிரண்டரைக்கு வந்து, வெல்டிங் என்ன ஆனது என்று கேட்டார். நடுவில் அரை மணி நேரம் கரண்ட் வந்தது, இரண்டையும் முடித்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கொடு என்றார். நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அறிவுகெட்டவள் என்று நீ நினைக்கலாம், நினைத்துக்கொள். இத்தனை மாதமாக ஒவ்வொரு நாளும் நானே அதைச் சொல்லிக்கொள்கிறேன். உன் பேப்பரை அவர் தெருவில் நாலு பேருக்குப் படித்துக் காட்டும்போதெல்லாம் நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். பார்த்தேன் என்று பெற்ற பிள்ளையிடமே சொன்ன மனுஷன், என்னால் பொய்யனாகி நிற்பாரே என்று விழுங்கிவிடுவேன். மாடி போர்ஷன் காலியாகத்தான் கிடக்கிறது. வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் அப்பா இல்லாத நேரம் பார்த்து, தண்ணீர் உப்பு, மாடியில் குரங்குத் தொல்லை, பக்கத்தில் ராத்திரியெல்லாம் லாரி சத்தம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். போன மாதம் பிரசன்னா என்று ஒரு தம்பி, கைக்குழந்தையோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்தப் பெண் ஜென்சி, தண்ணீர் உப்பாக இருந்தால் பரவாயில்லை ஆன்ட்டி, வீடு காற்றோட்டமாக இருக்கிறது என்றாள். கடைசியில், இந்த வீட்டில் குழந்தைகளுக்கு ஆகிறதில்லை என்று ஒரு போடு போட்டேன். அவள் குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனதைப் பார்த்தபோது என் வாயில் மண்ணைப் போட வேண்டும் போலிருந்தது, ஆனாலும் போனாளே என்று நிம்மதியாகவும் இருந்தது.

போன வாரம் காற்று வந்தது. புயல்கூட இல்லை, தாழ்வு மண்டலம் என்றார்கள், கரையைத் தொட்டுவிட்டு ஆந்திரா பக்கம் போய்விடும் என்றார்கள். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. எதிர்வீட்டுக் கார் ஷெட் தகரம் பறந்து நம் கேட்டில் வந்து அடித்தது. மாடியில் எங்கேயோ ஒரு கதவு அடித்துக்கொண்டே இருந்தது. நான் அப்பாவை எப்படியாவது வெளியே கிளப்ப வேண்டும் என்று, டீச்சர் வீட்டில் போய் இருக்கலாம் வாங்க, அவர்கள் தனியாக இருப்பார்கள் என்றேன். அவர், “நீ போ, நான் ஜன்னலெல்லாம் பார்த்துக்கிறேன், போய்த் துணைக்கு இரு, இப்பவே போ” என்று என்னைக் கையைப் பிடித்து வாசலில் விட்டார், குடையைக்கூட எடுக்க விடவில்லை. டீச்சரின் தாழ்ந்த வீட்டில், கணுக்கால் தண்ணீரில் நாற்காலிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நம் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் ஜெபம் பண்ணினார்கள். நானும் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். மூன்று மணி நேரம் அந்த மனுஷன் உள்ளே தனியாக இருந்தார், நான் இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் செய்ய முடியவில்லை. வீடு நின்றது. மறுநாள் காலையில் பின்னறையில் ஜன்னலுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் அப்பா காலண்டர் மாட்டியிருந்தார். உலகத்தில் யாராவது அங்கே காலண்டர் மாட்டுவார்களா. அவர் குளிக்கப் போன நேரம் தூக்கிப் பார்த்தேன். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகத் தூண் பக்கம் ஒரு விரிசல், தலைமுடி அளவுதான், ஆனால் சாண் நீளம். நான் பயப்படுவேன் என்று மறைத்திருக்கிறார் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

இப்போது டீச்சரும் வீட்டைத் தூக்கப் போகிறார்கள். எல்லாம் அப்பாவைப் பார்த்துத்தான், ஊர்க்காரர், நாலு தலைமுறையாக இந்த மண்ணில் இருப்பவர், அவரே தூக்கிவிட்டார் என்று. ஜாக்கியெல்லாம் அவர்கள் வாசலில் வந்து இறங்கிவிட்டது. நான் போய், டீச்சர், உங்கள் தூணில் கம்பி ஒட்டாமல் கான்கிரீட் போட விடாதீர்கள், நாள் நேரம் பார்க்காதீர்கள் என்று சொன்னேன். அதைவிட வேறு எப்படிச் சொல்வது. அவர்கள் சிரித்துக்கொண்டே, “எனக்கு ஏதுங்க்கா ராகு காலம்? ஞாயித்துக்கிழமை கோயில் நேரம் தவிர எல்லா நேரமும் நல்ல நேரம்தான்” என்றார்கள். அந்தப் பிழையை அவர்கள் செய்யமாட்டார்கள், அது எனக்கு வாய்த்தது.

திங்கட்கிழமை பாலு அவர்கள் வீட்டுக்கு அளவெடுக்க வந்தான். தனியாகக் கூப்பிட்டு, அந்த இரண்டு தூணையும் இப்போது உடைத்து வெல்டிங் செய்ய முடியுமா, அண்ணனுக்குத் தெரியாமல் அவர் வெளியூர் போகிற அன்றைக்குச் செய்துவிட முடியுமா என்று கேட்டேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். “அண்ணனுக்குத் தெரியாமலா? அண்ணனுக்கு அன்னிக்கே தெரியும் யக்கா. சாயங்காலமே என்னாண்ட வந்து, எந்த ரெண்டு தூணுன்னு கேட்டாரு. சொன்னேன். இத்த பத்தி அவகிட்ட வாய தொறக்காத, தன்னாலதான் வூடு பலமில்லாம பூட்ச்சின்னு தெரிஞ்சா பயந்தே செத்துப்பூடுவான்னு சொல்ட்டு பூட்டாரு” என்றான். இப்போது உடைத்தால் மறுபடியும் ஜாக்கி வைத்துத் தாங்க வேண்டும், ஒன்று கிடக்க ஒன்று ஆகும், உன் பிள்ளை இன்ஜினியர்தானே, அவரைக் கேட்டுச் சொல்லு என்றும் சொன்னான். நான் எதையும் கேட்கிற நிலையில் இல்லை. அவர் ஈபி ஆபீசில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவர், தீனா. ஏரியா முழுக்க கரண்ட் வரவில்லை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்த மனுஷனிடம் போய், நடுவில் அரை மணி நேரம் கரண்ட் வந்தது என்று சொல்லியிருக்கிறேன். அவர் தண்ணீர் கேட்டார், நான் கொண்டுவந்து கொடுத்தேன்.

பிறகுதான் எல்லாம் உறைத்தது. அந்த வாரம்தான், நீ குறட்டை விடுகிறாய், தூக்கம் கெடுகிறது என்று என் படுக்கையை மட்டும் பின்னறையிலிருந்து முன்னறைக்கு மாற்றினார். முப்பத்தாறு வருஷமாகக் கேட்காத குறட்டையா இப்போது கேட்கிறது என்று நான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. காற்று வந்த அன்று என்னை அந்த அவசரமாகத் தள்ளிவிட்டது. உன்னிடம் எட்டையும் பார்த்தேன் என்று சொல்லி, அவ்வளவு பேச்சையும் வாங்கிக்கொண்டது. உன் அப்பா உன்னிடம் பொய் சொன்னது வீட்டைக் காப்பாற்ற இல்லை, என்னைக் காப்பாற்ற. நீ அவரிடம் கத்தினாயே, அந்தக் கத்தல் எனக்கு வந்திருக்க வேண்டியது.

இதில் ஒரு சிக்கலைப் பார். காற்று வந்தால் அவர் வீட்டை விட்டு வரமாட்டார், ஏனென்றால் வந்தால் எனக்குக் காரணம் சொல்ல வேண்டும். நான் வெளியே போகலாம் என்று அடம்பிடிக்க முடியாது, பிடித்தால் அவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். பாலு சொல்லிவிட்டான் என்று தெரிந்தால், ஏழு மாதம் கட்டிக் காத்ததை உடைத்துவிட்டாயே என்று அவர் கூனிப்போவார். சொல்லாவிட்டால் இப்படியே ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு அந்த இரண்டு தூணின்மேல் இருப்போம். மாமா கூடுவாஞ்சேரிக்கு வந்து ஒரு மாதம் இருங்கள் என்று கூப்பிட்டான், விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று அப்பா முடித்துவிட்டார். வாய் நிறையப் பேசுகிறவள் நான், உனக்கே தெரியும், இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வாயும் இல்லை வழியும் இல்லை. நேற்று மதியம் சாப்பிட்ட பிறகு என் தலையணையையும் பாயையும் எடுத்துக்கொண்டுபோய்ப் பின்னறையில் போட்டேன். ஏன் என்று கேட்டார். முன்னறையில் கொசு என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், இங்கேயும் கொசு இருக்கிறதே என்றார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

தெருவில் கேட் சத்தம் கேட்கிறது, டீச்சர் வீடு போல. சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். அடுத்த வாரம் இன்னொரு தாழ்வு நிலை உருவாகிறது என்று இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், இந்தக் கடிதம் அதற்குள் உன் கைக்கு வருமா என்பதுகூட எனக்குத் தெரியாது. வந்த அன்றைக்கே போன் செய். என்னிடம் கொடுக்கச் சொல்லாதே, அப்பாவோடு பேசு. உன் குரலைக் கேட்டதும் அவர் பேப்பரை மடித்துவிடுவார், அப்பா என்ற ஒரு சொல் போதும். அந்த இரண்டு தூணைப் பற்றி நீ கேட்கவும் வேண்டாம், தெரியும் என்று காட்டவும் வேண்டாம். கணக்கில் பொய் எழுதமாட்டாய் என்று எனக்குத் தெரியும், கடுகளவு தப்பு வந்தாலும் ராத்திரி தூங்கமாட்டாய். ஆனாலும் இந்த ஒரு தடவை அம்மாவுக்காக ஒரு பொய்யைக் கண்டுபிடி. மண் சரியில்லை என்று சொல், தூக்கிய வீடுகளுக்குப் புது விதி வந்திருக்கிறது என்று சொல், ஓவியா தாத்தாவைக் கேட்கிறாள், ஆறு மாதம் வந்து இருங்கள் என்று சொல், அவர்மேலும் பழி விழாமல் என்மேலும் பழி விழாமல் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக இந்த வீட்டிலிருந்து வெளியே கூப்பிடு. நீ கூப்பிட்டால் அவர் வருவார், அவர் வந்தால் நான் வருவேன்.

ஓவியாவுக்குப் பாவாடை இடுப்பில் இரண்டு மடிப்பு உள்ளே விட்டிருக்கிறேன், வளர்ந்தால் பிரித்துக்கொள்ளலாம், மருமகளிடம் சொல். காற்றில் குழந்தையைத் தலைக்குக் குல்லாய் இல்லாமல் கூட்டிப் போகாதே. நீங்கள் மூன்று பேரும் நூறு வருஷம் குறையில்லாமல் வாழ வேண்டும், நீ கட்டுகிற வீடுகளில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் பயமில்லாமல் தூங்க வேண்டும். படித்ததும் கிழித்துவிடு, மறந்துவிடாதே.

உன்னையே நம்பி இருக்கும் அம்மா,
கோகிலவாணி அரிகிருஷ்ணன்